வென்ற அணிக்கு ஏன் புதிய பயிற்சியாளர்?

தோற்ற அணியின் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவது விளையாட்டு உலகில் அன்றாட நிகழ்வு. பன்னிரண்டு வீரர்களை மாற்றுவதைவிட ஒருவரை மாற்றுவது எளிது, செலவும் குறைவு, ரசிகர்களின் கோபத்துக்கும் ஒரு வடிகால் கிடைத்துவிடும். வென்றுகொண்டிருக்கும் அணி தன் பயிற்சியாளரை நீக்குவதுதான் அரிது. அப்படியொரு நீக்கத்தையும் அதைத் தொடர்ந்து வந்த ஒரு பருவத்தையும் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம் உண்டு. தலைமை மாறும்போது உண்மையில் எது மாறுகிறது, எது அப்படியே இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பருவத்தைப் போன்ற தெளிவான சான்று வேறெங்கும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் 30 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் பருவத்துக்கு 82 ஆட்டங்கள். அவற்றில் தேறும் 16 அணிகள், ஏழு ஆட்டத் தொடர்களில் ஒன்றையொன்று வெளியேற்றிக்கொண்டே சென்று, ஜூன் மாதத்தில் பட்டத்துக்காக மோதும். இந்த லீக்கில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரைக் களமாகக் கொண்டிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், நீண்ட காலம் பொருட்படுத்தப்படாத அணியாகவே இருந்தது. 1975-க்குப் பிறகு அது பட்டத்தைப் பார்த்ததில்லை. 1994-95 முதல் 2011-12 வரையிலான 18 பருவங்களில் ஒரே ஒரு முறைதான், 2007-இல், வெளியேற்றுச் சுற்றுகளுக்கே அது தகுதி பெற்றது.

2011-இல் மார்க் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளரானார். ஊதிய ஒப்பந்தத் தகராறால் 66 ஆட்டங்களாகச் சுருங்கிய முதல் பருவத்தில் 23 வெற்றிகள், அடுத்த பருவத்தில் 47, அதற்கடுத்து 51. தடுப்பாட்டம் என்றால் என்னவென்றே அறியாத அணி என்ற பெயரை மாற்றி, லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்ட அணிகளுள் ஒன்றாக அதை அவர் ஆக்கினார். கணுக்கால் காயங்களால் எதிர்காலமே கேள்விக்குறியாக இருந்த ஸ்டெஃபன் கர்ரி என்ற இளைஞரின்மீது ஐயமின்றி நம்பிக்கை வைத்தார். 2014 வசந்தத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் கிளிப்பர்ஸ் அணியுடனான முதல் சுற்றில், நடுக்கள உயர வீரர் ஆண்ட்ரூ போகட் விலா எலும்பு முறிவால் ஆட இயலாத நிலையிலும், தொடரை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றே அணி தோற்றது. சில நாள்களில் ஜாக்சன் நீக்கப்பட்டார்.

வீரர்கள் அதை விரும்பவில்லை. கர்ரி தம் பயிற்சியாளருக்கு ஆதரவாக வெளிப்படையாகவே பேசியிருந்தார். நிர்வாகத்துக்கோ வேறு கணக்கு. ஜாக்சனுக்கும் மேலிடத்துக்கும் இடையே உரசல் இருந்தது. பருவம் முடியும் தறுவாயில் இரண்டு துணைப் பயிற்சியாளர்கள் அடுத்தடுத்துப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டிருந்தனர். இவற்றுக்கெல்லாம் மேலாக, இவ்வளவு திறமை கொண்ட அணியின் தாக்குதல் ஆட்டம் லீக்கின் நடுத்தரத்திலேயே நின்றுகொண்டிருந்தது என்ற குறை உரிமையாளர் ஜோ லேக்கப்பிடம் இருந்தது. அவரது தரப்பில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால், நியாயம் எவ்வளவு இருந்தாலும், நன்றாக வேலை செய்த ஒருவர் வேலையை இழந்தார் என்ற உண்மை அதனால் மறையப்போவதில்லை. இந்தக் கதையைச் சொல்கிற பலர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

ஜாக்சனின் இடத்துக்கு வந்தவர் ஸ்டீவ் கெர். அன்றுவரை எந்த அணிக்கும், எந்த நிலையிலும், ஒரு நாள்கூட அவர் பயிற்சியாளராக இருந்ததில்லை.

கெர் 1965-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். தந்தை மால்கம் கெர் அரபு உலகைப் பற்றி ஆழ்ந்து ஆய்ந்த அறிஞர். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1984 ஜனவரியில் தம் அலுவலகத்துக்கு வெளியே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது 18 வயது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். பெரிய உயரமோ வேகமோ இல்லாத அந்த இளைஞர், தொலைவிலிருந்து கூடைக்குள் பந்தைச் செலுத்தும் ஒற்றைத் திறமையை வைத்துக்கொண்டு 15 ஆண்டுகள் என்பிஏ-வில் நீடித்தார். மூன்று புள்ளி வீச்சுகளில் 45.4 விழுக்காடு என்ற அவரது வாழ்நாள் சராசரி அந்த லீக்கின் வரலாற்றிலேயே உயர்ந்தது. சிகாகோ புல்ஸ் அணியில் மைக்கேல் ஜோர்டனுடன் மூன்று பட்டங்கள். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் இரண்டு. ஐந்திலும் அவர் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடியவர். பின்னாளில் இந்த ஒரு விவரம் அவருக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

சிகாகோவில் அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன். சான் அன்டோனியோவில் கிரெக் பாப்பவிச். அக்காலத்தின் ஆகச் சிறந்த இரண்டு ஆசான்களிடம் பயின்ற மாணவர் என்று அவரைச் சொல்லலாம். இடையில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் பொது மேலாளராக மூன்று ஆண்டுகள், தொலைக்காட்சி வருணனையாளராகச் சில ஆண்டுகள். நியூயார்க் நிக்ஸ் அணியின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்திருந்த ஃபில் ஜாக்சன் அவரைத் தம்மிடமே அழைத்தார். ஆசானின் அழைப்பைத் தவிர்த்துவிட்டு கெர் ஓக்லண்டுக்கு வந்தார்.

அந்தக் கோடையில் அவர் செய்த முதல் வேலை பயணம். போகட்டைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்கே பறந்தார். மற்ற வீரர்களையும் அவரவர் இருந்த இடத்தில் சென்று பார்த்தார். தாங்கள் விரும்பிய ஒருவரின் நாற்காலியில் அமர வந்திருக்கும் அந்நியரை வீரர்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சியாட்டில் நகரின் அமெரிக்கக் கால்பந்து அணிப் பயிற்சியாளர் பீட் கேரலின் முகாமுக்கும் சென்றார். அணியை எப்படி நடத்தப்போகிறீர்கள் என்று கேரல் கேட்டதும், கெர் தாக்குதல் உத்திகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாராம். தாம் கேட்டது அதைப் பற்றியே அல்ல, தினமும் அந்தக் கூடத்துக்குள் நுழையும் வீரர் எதை உணர வேண்டும் என்பதைப் பற்றித்தான் என்று கேரல் விளக்கியிருக்கிறார். கெர் யோசித்து நான்கு சொற்களை எழுதிக்கொண்டார்: மகிழ்ச்சி, விழிப்புணர்வு, பரிவு, போட்டி. இத்தகைய சொற்களை நிறுவனங்கள் சுவரில் மாட்டிவைப்பதை நாம் அறிவோம் என்பதால், இந்த இடத்தில் வாசகர் புன்னகைப்பதில் எனக்கு வியப்பில்லை. நானும் புன்னகைத்தவன்தான். சொற்கள் செயலுக்கு வந்த விதமே பின்னால் சொல்லப்போகும் செய்தி.

அதே கோடையில் அணி நிர்வாகம் மற்றொரு பெரிய முடிவை எடுத்தது. எடுத்தது என்பதைவிட, எடுக்காமல் விட்டது என்பதே பொருத்தம். கிளே தாம்ஸனைக் கொடுத்து மினசோட்டாவின் நட்சத்திர வீரர் கெவின் லவ்வைப் பெறும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆலோசகராக இருந்த முன்னாள் மேதை ஜெர்ரி வெஸ்ட் கடுமையாக எதிர்த்தார். பேச்சு நின்றுபோனது. இதன் விளைவாக, 51 ஆட்டங்களில் வென்ற அதே அணி, முதன்மை வீரர்களில் ஒருவர்கூட மாறாமல், புதிய பயிற்சியாளரின் கைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில்கூட இப்படி ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமையாது.

கெர் எதைத் தொடவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஜாக்சன் கட்டியெழுப்பிய தடுப்பாட்டத்தை அவர் கலைக்கவில்லை. அதன் அடிப்படையை அப்படியே வைத்துக்கொண்டு, ரான் ஆடம்ஸ் என்ற மூத்த துணைப் பயிற்சியாளரிடம் அதை ஒப்படைத்தார். புதிதாக வரும் மேலதிகாரிகள் தங்கள் வருகையை உணர்த்துவதற்காகவே எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப்போடுவதை நாம் எல்லாத் துறைகளிலும் பார்க்கிறோம். கெருக்கு அந்த அவசரம் இருக்கவில்லை. அணிக்கு இந்த அடித்தளத்தை இட்டவர் தமக்கு முன்பிருந்தவரே என்று பொதுவெளியில் சொல்லவும் அவர் தயங்கவில்லை.

அவர் தொட்டது பந்தின் பாதையை.

ஜாக்சனின் கடைசிப் பருவத்தில், லீக்கின் 30 அணிகளில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் பந்தைக் கைமாற்றிய அணி வாரியர்ஸ்தான். கர்ரி பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். உயரமான வீரர் ஒருவர் வந்து அவரைத் தடுப்பவரின் வழியை மறித்து நிற்பார். கிடைத்த இடைவெளியில் கர்ரி வீசுவார் அல்லது ஊடுருவுவார். அது பலிக்காதபோது, தம்மைவிடக் குட்டையான எதிரி வாய்த்திருக்கும் ஒருவரிடம் பந்து செல்லும். அவர் கூடைக்கு முதுகைக் காட்டி நின்று தனியே போராடுவார். மற்ற மூவரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் நேரம் 24 விநாடிகள். அதில் பெரும்பகுதி ஒருவரின் கையிலேயே கரைந்துபோகும்.

கெர் தம் வீரர்களிடம் ஓர் இலக்கை வைத்தார்: ஓர் ஆட்டத்துக்கு 300 கைமாற்றங்கள். கேட்பதற்கு எளிய எண்ணிக்கைக் கணக்கு. ஆனால் அதற்குள் ஒரு முழுக் கோட்பாடே இருக்கிறது. தடுப்பவர் ஐவரும் எப்போதும் பந்தையும் தம் ஆளையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பந்து ஒரே இடத்தில் நின்றால் அது எளிது. பந்து இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ஐவரும் தங்கள் நிலையைத் திருத்திக்கொண்டாக வேண்டும். மூன்றாவது, நான்காவது கைமாற்றத்தில் யாரேனும் ஒருவர் ஓரடி பிந்துவார். அந்த ஓரடிதான் கூடை. மனிதர் ஓடுவதைவிடப் பந்து விரைவாகப் பறக்கும் என்ற பழைய உண்மையை ஒழுங்கான ஏற்பாடாக ஆக்கியதே இந்த முறை.

அதற்கான பாகங்கள் அனைத்தும் கெரின் வாழ்க்கையிலிருந்தே வந்தவை. ஃபில் ஜாக்சனின் முக்கோண ஆட்டத்திலிருந்து வெட்டோட்டங்கள், பாப்பவிச்சின் ஸ்பர்ஸிடமிருந்து ஓயாத நகர்வு, துணைப் பயிற்சியாளராக வந்த ஆல்வின் ஜென்ட்ரி மூலம் ஃபீனிக்ஸ் பாணியின் வேகம். இவற்றைக் கலந்து கிடைத்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சற்றே விளக்க விரும்புகிறேன். கர்ரி பந்தைக் கூடைக்கு அருகிலுள்ள போகட்டிடமோ டிரேமண்ட் கிரீனிடமோ கொடுத்துவிடுவார். கொடுத்தவர் நிற்க மாட்டார்; தாம்ஸனை நோக்கி ஓடுவார். லீக்கின் மிகச் சிறந்த இரண்டு வீச்சாளர்கள் ஒருவரையொருவர் உரசிக் கடப்பார்கள். யார் யாருக்கு மறிப்புப் போடுகிறார், யார் கோட்டுக்கு வெளியே விலகுகிறார், யார் கூடையை நோக்கிப் பாய்கிறார் என்பது அந்தக் கணம் வரை அவர்களுக்கே தெரியாது. தடுப்பவர் இருவரும் பதறி ஒரே ஆளின் பின்னால் ஓடினால், மற்றவர் ஒருவரும் இல்லாத கூடைக்கடியில் நிற்பார். போகட் பந்தை அவரிடம் தட்டிவிடுவார்.

பந்து கையில் இருக்கும் கர்ரி அச்சமூட்டுபவர் என்பது முன்பே எல்லோருக்கும் தெரியும். பந்து கையில் இல்லாத கர்ரி அதைவிட அச்சமூட்டுபவர் என்பது அந்தப் பருவத்தில்தான் தெரியவந்தது. கூடையிலிருந்து ஏழே கால் மீட்டருக்கும் அப்பால் அவர் சும்மா நடந்தாலே இரண்டு பேர் அவர் பின்னால் நடந்தார்கள். ஐவரில் இருவர் ஒருவரைத் தொடர்ந்தால், மிஞ்சியிருக்கும் மூவர் நான்கு பேரைத் தடுக்க வேண்டும். சிறுவர்களுக்கும் விளங்கும் கணக்கு.

இதற்குக் கர்ரியின் ஒப்புதல் வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. பந்து தம் கையிலேயே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் இந்த ஏற்பாடு ஒரே வாரத்தில் குலைந்திருக்கும். தேர் தனியே இழுக்கப்படுவதில்லை என்று சொல்வது யாருக்கும் எளிது. வடத்தின் முதல் பிடியில் இருப்பவர் கையைத் தளர்த்தி மற்றவர்க்கு இடம்விடுவது அத்தனை எளிதன்று.

தொடக்கம் அழகாக இல்லை. புதிய முறையில் பந்து பல கைகளுக்குச் சென்றது. எதிரியின் கைகளுக்கும் சென்றது. முதல் சில ஆட்டங்களில் ஏறக்குறைய இருபது முறை வீதம் பந்தைத் தாரைவார்த்தார்கள். முதல் ஐந்து ஆட்டங்களில் வென்ற அணி, அடுத்து ஃபீனிக்ஸிடமும், சொந்தக் களத்தில் சான் அன்டோனியோவிடமும் தோற்றது. கெர் முறையைக் கைவிடவில்லை; எளிய கைமாற்றம் போதும், மாயாஜாலம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த அணி தொடர்ந்து 16 ஆட்டங்களில் வென்றது.

சொற்கள் செயலுக்கு வந்ததைப் பற்றிச் சொல்வதாகக் குறிப்பிட்டிருந்தேன். அது இரண்டு மனிதர்களைப் பற்றியது.

முதலாமவர் ஆண்ட்ரே இக்வடாலா. ஒலிம்பிக் தங்கம் வென்றவர். நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். அதுவரை அவர் ஆடிய 758 என்பிஏ ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் ஒருவராகவே களம் கண்டவர். ஒன்றில்கூட பெஞ்சிலிருந்து எழுந்து வந்ததில்லை. கெர் அவரிடம், இனி இளைஞர் ஹாரிசன் பார்ன்ஸ் தொடக்கத்தில் ஆடட்டும், நீங்கள் மாற்று வீரராக வாருங்கள் என்றார். முந்தைய பருவத்தில் மாற்று வீரராகத் தடுமாறிய பார்ன்ஸ், தேர்ந்த நால்வரின் துணையோடு ஆடினால் மலர்வார். அனுபவமும் நிதானமும் கொண்ட இக்வடாலாவோ இரண்டாம் அணியை ஒருங்கிணைத்து நடத்துவார். காரணம் சரியானதே. ஆனால் பத்தாண்டு உழைத்த ஒரு மனிதரிடம், நீங்கள் இல்லாமலே நாங்கள் தொடங்குகிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. தாமே பெஞ்சில் அமர்ந்து ஐந்து பட்டங்கள் பெற்ற ஒருவர் சொன்னதால்தான் அது கேட்கும்படி இருந்தது என்பது என் கணிப்பு. இக்வடாலாவுக்கு அது பிடித்திருக்கவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். அணியின் மதிப்புமிக்க மூத்தவர் முணுமுணுக்காமல் பெஞ்சில் போய் அமர்ந்த பிறகு, தமக்கு நிமிடங்கள் போதவில்லை என்று புகார் சொல்லும் துணிவு வேறு எவருக்கும் வரவில்லை.

இரண்டாமவர் டேவிட் லீ. அந்தப் பருவத்தில் அணியிலேயே அதிக ஊதியம் பெற்றவர். ஏறத்தாழ 15 மில்லியன் டாலர். 2013-இல் அவர் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானபோது, 1997-க்குப் பிறகு அப்பெருமை பெற்ற முதல் வாரியர்ஸ் வீரர் அவரே. அணி இருட்டில் கிடந்த காலத்தில் அதைத் தோளில் சுமந்தவர்களுள் ஒருவர். பருவத்துக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் அவரது தொடைத் தசை கிழிந்தது. அவருடைய இடத்தில் டிரேமண்ட் கிரீன் இறக்கப்பட்டார். 2012 தேர்வில் 35-ஆவதாக அழைக்கப்பட்டவர் கிரீன்; அந்த இடத்துக்கு உயரம் போதாது, வேறெந்த இடத்துக்கும் வேகம் போதாது என்று மதிப்பிடப்பட்டவர். ஆனால் தம்மைவிட ஓரடி உயரமானவரையும், ஓரடி குள்ளமானவரையும் ஒரே ஆட்டத்தில் தடுக்கக்கூடிய மனிதர் லீக்கில் அவரைப் போல் வேறெவரும் இல்லை என்பது சில வாரங்களில் புலப்பட்டது. லீ குணமாகித் திரும்பியபோது அவருக்குரிய இடம் அங்கே இல்லை. அவரும் சண்டையிடவில்லை. காயம் நிகழாதிருந்தால் கெர் லீயை அமர்த்திவிட்டுக் கிரீனைத் தேர்ந்திருப்பாரா? உடனே தேர்ந்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரிய முடிவுகள் சில, முடிவெடுப்பவரின் வாசலுக்குத் தாமாகவே வந்து நிற்கின்றன. அவற்றை அடையாளம் கண்டுகொள்வதே போதுமானதாக இருந்துவிடுகிறது.

பருவத்தின் முடிவில் கணக்கு: 67 வெற்றி, 15 தோல்வி. அந்த அணியின் வரலாற்றில் அதுவரை காணாத எண்ணிக்கை. சொந்தக் களத்தில் 41 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோல்வி. கூடைக்கு வழிவகுத்த கைமாற்றங்களில் லீக்கிலேயே முதலிடம். தடுப்பாட்டச் செயல்திறனிலும் முதலிடம். கர்ரி 286 மூன்று புள்ளிகளைப் போட்டுத் தம்முடைய சாதனையைத் தாமே முறியடித்தார். பருவத்தின் மதிப்புமிக்க வீரராகவும் தேர்வானார். அவர் களத்தில் இருந்த நேரமோ, ஆட்டத்துக்கு 36 நிமிடங்களுக்கு மேல் என்பதிலிருந்து 33-க்கும் கீழே குறைந்திருந்தது. பல ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதியில் அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் ஒரு மாலை, சாக்ரமென்டோ அணிக்கு எதிராக, தாம்ஸன் ஒரே கால்பகுதியில் 37 புள்ளிகள் எடுத்தார். பதின்மூன்று வீச்சு, பதின்மூன்றும் கூடை. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் மற்ற நால்வருக்கும் இருந்த ஒரே வேலை பந்தை அவரிடம் சேர்ப்பது. அதைச் செய்தபோது அவர்களுடைய முகங்களில் தெரிந்த உவகைதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கெருக்குக் கிடைக்கவில்லை. அட்லான்டாவின் மைக் புடன்ஹோல்சருக்குச் சென்றது. நல்ல அணியை ஏற்றெடுத்தவர்தானே என்று வாக்களித்தவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

வெளியேற்றுச் சுற்றுகளில் நியூ ஆர்லியன்ஸை நான்கே ஆட்டங்களில் வீழ்த்திய வாரியர்ஸ், அடுத்து மெம்ஃபிஸிடம் சிக்கியது. முரட்டுத்தனமான, மெதுவான, உடலோடு உடல் மோதும் அணி அது. மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது வாரியர்ஸ் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. நான்காவது ஆட்டத்தில், தொலைவீச்சு கைவராத டோனி ஆலனைத் தடுக்கும் பொறுப்பைப் போகட்டுக்குக் கொடுத்தார்கள். தடுப்பது என்பது பெயருக்குத்தான். போகட் ஆலனைத் தனியே விட்டுவிட்டுக் கூடைக்கடியிலேயே நின்றுகொண்டார். வீச முடிந்தால் வீசிப்பார் என்பதே அதன் பொருள். மெம்ஃபிஸின் மொத்தத் தாக்குதலும் அடைபட்டுப்போனது. இந்த யோசனையைத் தந்தவர் ரான் ஆடம்ஸ் என்பார்கள். தொடர் 4-2 என முடிந்தது. ஹியூஸ்டனை ஐந்து ஆட்டங்களில் வென்று அணி இறுதிக்கு வந்தது.

எதிரே லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் கவாலியர்ஸ். அதன் பயிற்சியாளர் டேவிட் பிளாட்டுக்கும் என்பிஏ-வில் அதுவே முதல் பருவம். வாரியர்ஸ் வாங்காமல் விட்ட கெவின் லவ் அந்த அணிக்குத்தான் சென்றிருந்தார். ஆனால் தோள்பட்டைக் காயத்தால் விலகியிருந்தார். முதல் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கைரி இர்விங்கின் முழங்கால் சில்லு உடைந்தது. தனித்துவிடப்பட்ட ஜேம்ஸ், ஆட்டத்தின் வேகத்தைத் தம் கைப்பிடிக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு தாக்குதலையும் 24 விநாடிகளின் விளிம்புவரை இழுத்து, வாரியர்ஸின் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார். மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது கிளீவ்லண்ட் 2-1 என முன்னிலையில் இருந்தது. இந்திய நேரப்படி அதிகாலையும் காலையுமாக ஒளிபரப்பான அந்த ஆட்டங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது, இந்த அழகிய ஆட்டமுறை இத்துடன் முடங்கிவிடும் என்று கருதியவர்கள் அநேகர்.

அணியில் நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர் ஒருவர் இருந்தார். காணொளிகளை வெட்டித் தொகுப்பதும் பயிற்சியாளருக்கு வேண்டியதைச் செய்துதருவதும் அவர் வேலை. முந்தைய ஆண்டின் இறுதித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்பர்ஸ் அணி தொடரின் நடுவே ஓர் உயர வீரரை அமர்த்திவிட்டுப் பந்தைக் கைமாற்ற வல்ல போரிஸ் டியாவைத் தொடக்கத்தில் இறக்கியதைக் கவனித்தார். நாமும் போகட்டை அமர்த்திவிட்டு இக்வடாலாவை இறக்கினால் என்ன? நள்ளிரவுக்குப் பின் அவர் இதைத் துணைப் பயிற்சியாளரிடமும் கெரிடமும் சொன்னார். கெர் ஏற்றுக்கொண்டார். ஆட்டத்துக்கு முன் செய்தியாளர்கள் தொடக்க ஐவரைப் பற்றிக் கேட்டபோது மாற்றம் ஏதுமில்லை என்று பொய் சொன்னார். பிறகு அதை ஒப்புக்கொண்டு, கோப்பையை ஒழுக்கத்துக்காகக் கொடுப்பதில்லை என்ற பொருள்படச் சிரித்தார். அவரை மதிக்கும் நான் இந்த ஒன்றைக் கொஞ்சம் நெருடலோடுதான் நினைவுகூர்கிறேன்.

நான்காவது ஆட்டத்தின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் 7-0 என முந்தியது. உயரத்தை இழந்தோமே என்று வாரியர்ஸ் ரசிகர்கள் நெஞ்சைப் பிடித்திருப்பார்கள். கெர் பின்வாங்கவில்லை. முதல் கால்பகுதியின் முடிவில் வாரியர்ஸ் 31-24 என முன்னிலை. ஆட்டத்தின் முடிவில் 103-82. அதன் பிறகு தொடரில் அந்த அணி தோற்கவில்லை. அந்த ஆட்டத்தில் மூன்று நிமிடம்கூட ஆடாத போகட்டும் முகம் சுளிக்கவில்லை. ஜூன் 16 அன்று ஆறாவது ஆட்டத்தில் 105-97 என வென்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வாரியர்ஸ் பட்டம் பெற்றது. 1982-இல் பேட் ரைலிக்குப் பிறகு, முதல் பருவத்திலேயே பட்டம் வென்ற பயிற்சியாளர் கெர்தான். ஆட்டத்துக்கு சராசரியாக 35.8 புள்ளிகள் எடுத்த ஜேம்ஸைவிட, ஜேம்ஸை மணிக்கணக்கில் தடுத்து நின்ற இக்வடாலாவையே, பதினொருவரில் எழுவர் இறுதித் தொடரின் மதிப்புமிக்க வீரராகத் தேர்ந்தனர். பருவத்தின் 82 ஆட்டங்களில் ஒன்றில்கூட தொடக்கத்தில் ஆடாதவர் அந்த விருதைப் பெறுவது அதுவே முதல்முறை.

அதிர்ஷ்டமும் உடனிருந்தது. லவ்வும் இர்விங்கும் இருந்திருந்தால் இறுதித் தொடர் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். வாரியர்ஸுக்கு மிகவும் ஒத்துவராத ஸ்பர்ஸ், முதல் சுற்றிலேயே கிளிப்பர்ஸிடம் ஏழு ஆட்டங்களில் தோற்று வெளியேறியிருந்தது. இவற்றைச் சொல்வதால் அந்தப் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிடாது. இவற்றைச் சொல்லாமல் அனைத்தையும் பயிற்சியாளரின் கணக்கில் எழுதினால்தான் மிகை.

பயிற்சியாளரை மாற்றினால் பட்டம் வரும் என்று இதிலிருந்து எவரேனும் சூத்திரம் எழுத முற்பட்டால், அதற்கு அடுத்த ஆண்டே ஒரு விசித்திரமான பின்குறிப்பு இருக்கிறது. முதல் பருவத்திலேயே அணியை இறுதிக்குக் கொண்டுவந்த பிளாட்டை, 2016 ஜனவரியில், 30 வெற்றி 11 தோல்வி என்று தம் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோதே கிளீவ்லண்ட் நீக்கியது. அவரிடத்தில் அமர்ந்த டைரன் லூ, அந்த ஜூனில், 73 ஆட்டங்களில் வென்று வந்த வாரியர்ஸை 1-3 என்ற நிலையிலிருந்து மீண்டு தோற்கடித்தார். அந்த 73-இன் தொடக்கத்திலோ கெரே களத்தில் இல்லை. முதுகு அறுவைச் சிகிச்சையின் சிக்கலால் அவர் முதல் 43 ஆட்டங்களுக்கு வரவில்லை. இளம் துணைப் பயிற்சியாளர் லூக் வால்ட்டனின் பொறுப்பில் அணி 39-இல் வென்றது. தொடக்கத்திலேயே தொடர்ச்சியாக 24 வெற்றிகள். தலைவர் இல்லாமலே ஓடும் அளவுக்கு முறை வேரூன்றிவிட்டிருந்தது. அந்தப் பருவத்துக்குத்தான் கெருக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது.

மார்க் ஜாக்சன் தொலைக்காட்சி வருணனைக்குத் திரும்பினார். 2015 இறுதித் தொடரின் ஒவ்வோர் ஆட்டத்தையும் களத்தின் ஓரத்திலிருந்து, தாம் வளர்த்த வீரர்கள் ஆடுவதைப் பார்த்தபடி, அவர்தான் வருணித்தார். அடுத்த பத்தாண்டுகளில் வேறெந்த என்பிஏ அணியும் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தவில்லை. 51 வெற்றிகளைத் தந்தவருக்கு இது என்னால் இன்றுவரை சரியாக விளங்கிக்கொள்ள முடியாத ஒன்று.

டேவிட் லீக்கு இறுதித் தொடரில் ஒரே ஒருமுறை வெளிச்சம் பட்டது. மூன்றாவது ஆட்டத்தில், அணி தத்தளித்துக்கொண்டிருந்தபோது கெர் அவரை எழுப்பி அனுப்பினார். பதின்மூன்று நிமிடங்களில் 11 புள்ளிகள். ஆட்டம் தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் கிளீவ்லண்டின் தடுப்பாட்டத்தை எப்படிப் பிளக்கலாம் என்பதற்கான தடயம் அந்தப் பதின்மூன்று நிமிடங்களில் கிடைத்தது. பட்டம் வென்ற அடுத்த மாதம், ஊதியச் சுமையைக் குறைப்பதற்காக அணி அவரை பாஸ்டனுக்கு அனுப்பிவைத்தது.